ஐந்துக்கு இரண்டரை: புது வீட்டின் வெளிப்பூச்சு

கட்டிக் கொடுத்த ஒப்பந்ததாரரின் பெயரை இங்கே போடப் போவதில்லை. அவரோடு கணக்கு இன்னும் முடியவில்லை. அஸ்திவாரம், தளம், உள்பூச்சு, தரை எல்லாம் நன்றாகவே வந்திருக்கின்றன. கதவு நிலைகளில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெளிப்பூச்சு மட்டும் வேறு யாரோ செய்த மாதிரி இருந்தது. விசாரித்தால், உண்மையிலேயே வேறு ஆட்கள்தான். உள்ளே பூசிய குழு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. வெளியே பூசியவர்களுக்குப் பூசிய பரப்பைக் கணக்குப் பண்ணிக் கூலி. எவ்வளவு சீக்கிரம் ஏறி இறங்குகிறார்களோ அவ்வளவு லாபம். அந்த அவசரம் சுவர் முழுக்கத் தெரிகிறது.

என் பிழைப்பு அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை திருத்துவது. அதனால் குறை என் கண்ணில் பட்டே தீரும், பட்ட பிறகு போகவும் போகாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. ஆனால் இந்தச் சுவர்களைச் சுற்றிச் சுற்றி வந்ததில் ஒன்று தெளிவானது. வெளிப்பூச்சில் கண்ணை உறுத்துகிற குறைக்கும் உண்மையில் கேடு செய்கிற குறைக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. என் வீட்டைப் பொறுத்தவரை பார்க்கச் சகிக்காத சுவர்தான் உறுதியானது. பளிச்சென்று இருந்த சுவர்தான் காலை வாரியது.

சகிக்காததையே முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்குச் சுவர். காலையில் பார்த்தால் நல்ல சுவர். உச்சிப்பொழுது தாண்டியதும், வெயில் சுவரை உரசுகிற மாதிரி மேலிருந்து சரிந்து விழும்போது பார்க்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை அலை அலையாக மேடும் பள்ளமும். ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால் ஒரு நிழல். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அக்கா, வெயில் சாஞ்சு அடிச்சா எந்தச் சுவரும் இப்படித்தான் தெரியும். நேரா அடிக்கும்போது பாருங்க, ஒண்ணும் இருக்காது.”

இதில் பாதி உண்மை. சாய்ந்த வெளிச்சம் இரண்டு மில்லிமீட்டர் மேட்டைக்கூட மலையாகக் காட்டும். கையால் பூசிய எந்தச் சுவரும் கண்ணாடி மாதிரி இருக்காது. அதனால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக் குறை கண்டுபிடிப்பது நியாயமில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளிச்சத்தைக் குறை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, அளந்து பார்த்துவிடலாம். நேரான அலுமினியப் பட்டியைச் சுவரில் சாய்த்துப் பிடித்து, இடைவெளியில் ஸ்கேலை நுழைத்தேன். ஒரு மீட்டர் நீளத்துக்குள் 9 மில்லிமீட்டர் பள்ளம். ஜெர்மனியில் கட்டட அளவுகளுக்கு டின் 18202 என்று ஒரு தரநிலை உண்டு. முடித்த சுவரில் ஒரு மீட்டர் இடைவெளிக்கு 5, நான்கு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் வரை ஏற்றத்தாழ்வு இருக்கலாம் என்று அது விட்டுக்கொடுக்கிறது. எங்கள் ஒப்பந்தத்தில் அந்தத் தரநிலை கிடையாது, அதை வைத்து யாரையும் நான் மடக்கவும் இல்லை. ஆனாலும் நான்கு மீட்டருக்கு அனுமதித்த பள்ளத்தை இவர்கள் கிட்டத்தட்ட ஒரு மீட்டருக்குள்ளேயே முடித்துவிட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள அந்தக் கணக்கு உதவியது.

காரணம் எளிது. பூசுவதற்கு முன் சுவரில் ஆங்காங்கே கலவையால் புள்ளி வைத்து, மேலிருந்து குண்டு விட்டு, எல்லாப் புள்ளிகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் புள்ளிக்குப் புள்ளி நடுவில் நிரப்பி, பட்டியால் இழுத்தால் சுவர் தானே நேராகும். எங்கள் மேற்குச் சுவரில் புள்ளி கீழே இருக்கிறது, தலைக்கு மேலே காணோம். மேலே வெறும் கண்ணளவுதான்.

இந்தச் சுவரை அப்படியே விட்டுவிட்டேன். தட்டிப் பார்த்தால் எங்குமே கெட்டியாக ஒலிக்கிறது. விரிசல் இல்லை. இதைக் கொத்தி எடுத்தால் செங்கலும் சேர்ந்து உடையும். நன்றாகப் பிடித்திருக்கும் பூச்சை அழகுக்காகப் பெயர்ப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. பளபளப்பில்லாத, லேசாகச் சொரசொரப்பான பெயிண்ட் அடித்தால் நிழல் பாதி அடங்கிவிடும். பளபளப்பான பெயிண்டோ, பெயிண்டுக்கு முன் தடவும் வழவழப்பான பட்டியோ (புட்டி) போட்டால் அலை இரண்டு மடங்காகத் தெரியும்.

அடுத்தது வடக்குச் சுவரின் நடுவில் குறுக்காக ஓடும் கோடு. தூரத்திலிருந்து பார்த்தால் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். சாரத்தின் ஒரு தட்டில் நின்று பூசி நிறுத்திவிட்டு, மறுநாள் அடுத்த தட்டிலிருந்து தொடர்ந்த இடம் அது. ஒரு நாள் வேலையை எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே யோசித்து, சுவர் முடியும் மூலையிலோ சன்ஷேட் மட்டத்திலோ நிறுத்தினால் ஒட்டு கண்ணுக்கே தெரியாது. இவர்கள் பொழுது சாய்ந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதே சுவரில் சாரக்கழி சொருகிய ஓட்டைகளை அடைத்த வட்டங்கள் வேறு, வரிசையாக, சட்டைக்குத் தைத்த பொத்தான் மாதிரி. ஒவ்வொரு வட்டத்தையும் ஆணியால் சுரண்டிப் பார்த்தேன். பெரும்பாலும் கெட்டி. சிலவற்றில் உள்ளே செங்கல் துண்டைத் திணித்து மேலே மட்டும் கலவை தடவியிருந்தார்கள். அவற்றைத் தோண்டி முழு ஆழத்துக்கும் அடைக்கச் சொன்னேன், செய்துவிட்டார்கள். நிற வித்தியாசத்தைப் பெயிண்ட் பார்த்துக்கொள்ளும்.

வாசல் முகப்பில் இருப்பது வேறு வகை. சாதாரணமாகப் பார்த்தால் வழவழவென்று, மற்ற எல்லாச் சுவரையும்விட அழகு. தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் வண்டவாளம் தெரியும். சுவர் காய்ந்து வெளுத்த பின்னும் விரிசலுக்குள் ஈரம் தங்குவதால், சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள் கொஞ்ச நேரத்துக்குக் கருப்பாகத் தெரிந்து மறைகின்றன. கட்டம் ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடச் சின்னது. முகப்பு என்பதால் நன்றாக வரட்டும் என்று, ஈரப் பூச்சின் மேல் வெறும் சிமெண்டைத் தூவி இரும்புக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கச் சிமெண்டுப் பால் மேலே வந்து ஒரு மெல்லிய ஏடாக நின்றுவிடும். அந்த ஏடு அடியில் இருக்கும் கலவையைவிட அதிகமாகச் சுருங்கும். சுருங்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்? வெளிச்சுவருக்கு மரக்கட்டையால் தேய்த்த சொரசொரப்பே போதும், அதுதான் நல்லதும்கூட. இந்த விரிசல் ஆழம் போகாது. கையால் தேய்த்தால் மாவு உதிர்கிறதா என்று மட்டும் பார்த்தேன். உதிர்ந்த இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து ஏட்டை எடுக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் பெயிண்ட் அந்த ஏட்டோடு சேர்ந்து உரியும்.

மாடித் தளத்து பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் படுக்கைவாட்டில் ஒரு நீள விரிசல். வந்து பார்த்த உறவினர்கள் எல்லோரையும் பயமுறுத்தியது இதுதான். “வீடு இறங்குதோ?” என்று ஒருவர் கேட்டேவிட்டார். இறங்கவில்லை. கான்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே மாதிரி விரிவதில்லை, சுருங்குவதில்லை. இரண்டின் மேலும் ஒரே போர்வையாகப் பூச்சைப் போட்டால் சேரும் கோட்டில் அது பிளக்கும். அங்கே பூசுவதற்கு முன் இரண்டு பக்கமும் நன்றாகப் படிகிற மாதிரி கம்பிவலை அடிக்க வேண்டும். அடித்தார்களா என்று கேட்டால் “அடிச்சிருக்கோம் அக்கா” என்றார்கள். விரிசலில் ஒரு சின்னத் துண்டைப் பெயர்த்துப் பார்த்தோம். வலையும் இல்லை, வலை அடித்த ஆணியும் இல்லை.

விரிசலின் அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வீடுகளின் சேதத்தை வகைப்படுத்த ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மயிரிழை, பொருட்படுத்த வேண்டியதில்லை. 1 மில்லிமீட்டர் வரை பெயிண்ட் வேலையோடு சரிசெய்துவிடலாம். 5 வரைகூட ‘லேசானது’ என்ற வகைதான், அடைத்துவிட்டால் போதும். எங்கள் விரிசல் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அகலத்தைவிட முக்கியம் அது வளர்கிறதா என்பது. இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்தேன். நுனிகள் கோட்டைத் தாண்டவில்லை. செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டு மாதிரி ஏறுகிற விரிசலோ, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் போகிற விரிசலோ இருந்திருந்தால் பூச்சுக்காரரை விட்டுவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைத் தேடிப் போயிருப்பேன்.

இனி தெற்குச் சுவர். படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிய சுவர் அதுதான். நேர், நிறம், மூலை எதிலும் பழுது இல்லை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். டக், டக், டக் என்று போய்க்கொண்டிருந்தது, தூண் இருக்கும் இடத்துக்கு வந்ததும் டொப் என்றது. சாக்பீஸால் வட்டம் போட்டேன். சுற்றித் தட்டத் தட்ட வட்டம் பெரிதாகி, தூணின் அகலம் முழுக்கவும் என் தலைக்கு மேலும் போய்விட்டது. மேஸ்திரி சொன்ன பதில்: “காத்து கொஞ்சம் நின்னிருக்கும், ஒண்ணும் ஆகாது.”

ஓரத்தில் உளியை வைத்து ஒரு தட்டுதான். பலகை மாதிரி ஒரு துண்டு முழுசாகக் கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தேன். பூச்சின் முதுகு வழவழவென்று மினுங்கியது. அதில் பிளைவுட்டின் மரரேகை அப்படியே பதிந்திருந்தது. தூண் வார்க்கும்போது பலகைக்குத் தடவிய எண்ணெய்ப் பிசுக்குகூடக் கையில் ஒட்டியது. அந்தக் கான்கிரீட்டில் ஒரு கொத்துகூட விழவில்லை. பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் இருபது மில்லிமீட்டர் பூச்சை அப்பியிருக்கிறார்கள், அதையும் ஒரே தடவையில். துண்டின் விளிம்பில் இரண்டு கோட்டுக்கான அடுக்கே இல்லை. ஒப்பந்தத்தில் இருந்தது முதல் கோட் பன்னிரண்டு, அது இறுகிய பிறகு இரண்டாவது எட்டு. ஈரக் கலவையை ஒரேயடியாக அவ்வளவு கனமாக ஏற்றினால் அதன் எடையே அதைக் கீழே இழுக்கும்.

நேரக் கணக்கும் இதில் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாதாரணச் சிமெண்டு தண்ணீர் பட்ட அரைமணிக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இறுகத் தொடங்கலாம். சாப்பாட்டுக்குப் போய்வந்து, தட்டில் இறுகிக் கிடந்த கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பூசியதை நானே பார்த்திருக்கிறேன். அப்போது கேட்டதற்கு “இன்னும் சூடாறலை அக்கா, நல்லாத்தான் இருக்கு” என்றார்கள். கிளறினால் பார்க்கப் புதுக் கலவை மாதிரிதான் இருக்கும். வலு வராது.

இந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதும் ஒப்பந்ததாரரின் தொனி மாறியது. அதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: “ஒரு கோட் பட்டி, ரெண்டு கோட் பெயிண்ட், எல்லாம் மறைஞ்சிடும்.” மறையும்தான். பொள்ளலான பூச்சு பெயிண்டோடு சேர்ந்து விழும், அவ்வளவுதான் வித்தியாசம். அதோடு புதுப் பூச்சுக்கு உடனே பெயிண்ட் அடிப்பதும் தப்பு. ஈரம் வெளியேற வேண்டும். புதுச் சிமெண்டின் காரம் பெயிண்டைக் கெடுக்கும். 28 நாளாவது ஆறவிட்டு, காரத்தைத் தாங்கும் பிரைமர் அடித்த பிறகுதான் பெயிண்ட் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மனிதருக்கு என் மேல் கோபம். வேலையை முடித்துக் கணக்குப் பார்க்கும் அவசரத்தில் இருந்தார்.

பாராட்ட வேண்டியதும் ஒன்று உண்டு. தெற்குச் சுவரைச் சரிசெய்ய அவர் அனுப்பிய வயதான கொத்தனார். பேசவே மாட்டார். முதலில் சுவர் முழுக்கத் தட்டினார். நான் போட்ட வட்டத்துக்கு வெளியேயும் ஒரு சாண் தள்ளிச் சதுரமாகக் கோடு போட்டார். “ஏன் அண்ணே இவ்வளவு பெருசா?” என்றேன். “வட்டமா வெட்டினா ஓரம் பிடிக்காதும்மா.” கட்டர் வைத்து நேராக அறுத்து, விளிம்பை உள்பக்கமாகச் சரித்து வெட்டி, கான்கிரீட்டில் நெருக்க நெருக்கக் கொத்தினார். இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவினார். தூணும் செங்கலும் சேரும் இடத்தில் வலை அடித்தார். சிமெண்டுக் குழம்பு தடவி, அது காய்வதற்குள் முதல் கோட்டை அப்பி, அடுத்த கோட் பிடிக்க வளைவளைவாகக் கீறிவிட்டார். இரண்டாவது கோட்டில் சிமெண்டைக் கொஞ்சம் குறைத்தார். காரணம் கேட்டேன். மேலே போடுவது கீழே இருப்பதைவிட வலுவாக இருந்தால் அது சுருங்கும்போது கீழே இருப்பதையும் இழுத்துக்கொண்டு வரும் என்றார். புத்தகங்களும் இதையேதான் சொல்கின்றன.

ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு வாரத்துக்கு அது காயவே கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். முதல் தடவை பூசியபோது குழாயைப் பிடித்துக் காலையில் ஒருமுறை அடித்ததோடு நீராற்றுதல் முடிந்திருந்தது, வெயில் அடிக்கும் சுவருக்கு அது போதாது. அவர் செய்த சதுரம் இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது, நிறம் வேறு, சொரசொரப்பு வேறு. தட்டினால் டக் என்கிறது. எனக்கு அது போதும். இவர் ஒருவருக்காகத்தான் மதிப்பெண்ணில் அரை கூடியது.

பீம் விரிசலையும் அவரே செய்தார். வி வடிவில் காடி வெட்டி, தூசி தட்டி, சிமெண்டு வைக்காமல் இழுபடும் அக்ரிலிக் பூச்சு அடைத்தார். சிமெண்டு வைத்திருந்தால் அதே கோட்டில் மறுபடி பிளந்திருக்கும்.

சின்னச் சின்னது இன்னும் உண்டு. ஜன்னல் ஓர மூலைகள் நேராக இல்லை, ரசமட்டம் வைத்தால் குமிழ் ஒதுங்குகிறது, விட்டுவிட்டேன். கீழ்ச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஆட்கள் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவப் போனார்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்து, கீழே விழுந்ததை அள்ளிக் கொட்ட வேண்டும். சுவர் காயக் காயக் குறைந்துகொண்டு வருகிறது.

சன்ஷேட்தான் இன்னும் தகராறு. அதன் அடிப்பக்கத்தில் முன்விளிம்பை ஒட்டி ஒரு சின்னக் காடி இழுத்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் விளிம்பில் சொட்டாமல் அடிப்பரப்பைப் பிடித்துக்கொண்டே சுவர்வரை வந்துவிடும். முதல் மழையிலேயே வந்தது. ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலும் பழுப்பாக ஒரு நாக்கு. கைப்பிடிச் சுவரின் உச்சியிலும் சாய்வை வெளிப்பக்கம் கொடுத்திருக்கிறார்கள், அழுக்கெல்லாம் முகப்பில் வடிகிறது. மாடிப் பக்கமாகச் சாய்த்திருந்தால் தண்ணீர் தளத்தில் விழுந்து குழாய் வழியே போயிருக்கும். இரண்டும் பூசும்போது செய்தால் கூடுதல் செலவே இல்லாத வேலை. இப்போது செய்வதென்றால் மறுபடி சாரம் கட்ட வேண்டும், யார் செலவு என்பதுதான் பேச்சு. ஒப்பந்தத்தில் ஒரு பகுதிப் பணத்தை ஒரு மழைக்காலம் முடிந்த பிறகுதான் தருவதாக எழுதியிருக்கிறோம், அதனால் எனக்கு அவசரமில்லை.

இவரிடம் வீடு கட்டலாமா என்று கேட்டால், கட்டலாம். வெளிப்பூச்சுக்கு எந்தக் குழு வருகிறது, கூலி பரப்புக் கணக்கா நாள் கணக்கா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பூசுவதற்கு முன் தூண்களிலும் பீம்களிலும் கொத்து விழுந்திருக்கிறதா, வலை அடித்திருக்கிறதா என்று சாரத்தில் ஏறிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே பூசிய பிறகு அதை யாராலும் காட்ட முடியாது. அந்த வயதான கொத்தனார் கிடைத்தால் நாள் கூலிக்கே வைத்துக்கொள்ளுங்கள். சன்ஷேட் காடியை வெட்ட அவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்ததாரரிடம் சொல்லியிருக்கிறேன், பதில் வரவில்லை.